பழைய சூப்பர்ஹீரோ காமிக்ஸை ஹார்ட்கவரில் சேர்ப்பது எப்படி?

1938 ஜூன் மாதத் தேதியிட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் விலை பத்து சென்ட். ஜெர்ரி சீகல் எழுதி ஜோ ஷஸ்டர் வரைந்த சூப்பர்மேன் அதில்தான் அறிமுகமானார். அந்த இதழின் நல்ல நிலையிலிருந்த ஒரு பிரதி 2024 ஏப்ரலில் அறுபது லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அசல் இதழை வாங்கிப் படிப்பது என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. அதே கதையைக் கெட்டி அட்டைத் தொகுப்பாக ஒரு நல்ல நூலின் விலைக்கு வாங்கிப் படிக்கலாம், அலமாரியில் வைத்துக்கொள்ளலாம், பிள்ளைகள் கையிலும் தைரியமாகக் கொடுக்கலாம். இந்தக் கட்டுரை அந்தத் தொகுப்புகளைப் பற்றியது.

புதிதாக இறங்குபவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹார்ட்கவர் மறுபதிப்பு என்பது பழைய இதழ்களைச் சேர்த்துத் தைத்த புத்தகம் அல்ல. புதிதாகத் தயாரிக்கப்பட்ட ஒரு புத்தகம். எந்த இதழிலிருந்து எதுவரை சேர்ப்பது, கோட்டோவியத்தை எங்கிருந்து எடுப்பது, நிறத்தை எப்படிப் போடுவது, எந்தத் தாளில் அச்சிட்டு எப்படிக் கட்டுவது என்று நான்கையும் பதிப்பாசிரியர் குழு தீர்மானிக்கிறது. ஒரே கதை ஐந்து பதிப்புகளில் ஐந்து விதமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அட்டைப்படத்தைப் பார்த்து வாங்கிவிட்டு ஏமாந்தவர்கள் இந்த நான்கில் ஏதோ ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது

ஒவ்வொரு தொகுப்பின் பின்னட்டையிலும் காப்புரிமைப் பக்கத்திலும் எந்தெந்த இதழ்கள் அடங்கியுள்ளன என்று ஒரு வரி இருக்கும். தலைப்பைவிட இந்த வரிதான் முக்கியம். 'வால்யூம் 1' என்று முதுகில் போட்டிருப்பதை வைத்து அதுதான் கதையின் ஆரம்பம் என்று முடிவுகட்டக் கூடாது. ஸ்பைடர்மேன் இதழ் பலமுறை மீண்டும் ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கப்பட்டிருக்கிறது. 1999இல் ஒரு ஒன்றாம் இதழ் உண்டு, 2014இலும் உண்டு. அந்த வரிசைகளைச் சேர்த்த நூல்களுக்கும் முதுகில் 1 என்ற எண்தான் இருக்கும். அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கும் ஆண்டைப் பார்த்தால் குழப்பம் தீரும்.

பழைய கதைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பாத்திரத்தின் பெயரும் இதழின் பெயரும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஸ்பைடர்மேன் பிறந்தது 1962 ஆகஸ்ட் தேதியிட்ட 'அமேசிங் ஃபேன்டசி' 15ஆம் இதழில். அதே மாதத் தேதியிட்ட 'ஜர்னி இன்டு மிஸ்டரி' 83இல் தோர் வந்தார்; அந்த இதழ் 126ஆம் எண்ணில்தான் 'தோர்' என்று பெயர் மாறியது. அயர்ன்மேன் 'டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்' 39இல் வந்தார். ஹல்க்கின் சொந்த இதழ் ஆறே எண்ணில் நின்றுபோனது. பிறகு அவர் 'டேல்ஸ் டு அஸ்டானிஷ்' இதழில் இடம்பிடித்து, 102ஆம் எண்ணில் அந்த இதழையே தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். ஆகவே ஹல்க்கின் ஆறாம் இதழுக்குப் பிறகு 102 வருவதைப் பார்த்து நடுவில் தொண்ணூற்றைந்து இதழ்கள் விடுபட்டுவிட்டன என்று பதற வேண்டியதில்லை.

ஓர் இதழில் இரண்டு நாயகர்கள் பாதிப் பாதியாக இருந்த காலமும் உண்டு. 'டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்' 59 முதல் 99 வரை முன்பாதி அயர்ன்மேனுக்கு, பின்பாதி கேப்டன் அமெரிக்காவுக்கு. அயர்ன்மேன் தொகுப்பு வாங்கினால் அந்த இதழ்களின் அயர்ன்மேன் பாதி மட்டும்தான் கிடைக்கும். மறுபாதி கேப்டன் தொகுப்பில் இருக்கும். உள்ளடக்க வரியில் 'இந்த இதழ்களிலிருந்து எடுத்த பகுதிகள்' என்ற பொருளில் ஒரு குறிப்பு இருந்தால் இப்படிப்பட்ட பாதிக்கதை என்று புரிந்துகொள்ள வேண்டும்.

எக்ஸ்‌மென் வரிசையில் 66ஆம் இதழுக்குப் பிறகு தொகுப்புகள் நேராக 'ஜயன்ட் சைஸ் எக்ஸ்‌மென்' முதல் இதழுக்கும் 94ஆம் இதழுக்கும் தாவுவதும் இந்த ரகம்தான். 67 முதல் 93 வரை, 1970 இறுதியிலிருந்து 1975 வரை வந்த இதழ்களில் புதுக்கதையே கிடையாது. அதே இதழின் பழைய கதைகளைத்தான் மறுபடி அச்சிட்டார்கள். மறுபதிப்பையே இன்னொரு முறை மறுபதிப்பிக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

தொகுப்புகளில் மூன்று குடும்பங்கள்

1987இல் மார்வெல் 'மார்வெல் மாஸ்டர்வொர்க்ஸ்' வரிசையைத் தொடங்கியது. முதல் நூல் ஸ்பைடர்மேன்: 'அமேசிங் ஃபேன்டசி' 15, கூடவே 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 1 முதல் 10 வரை. ஏறக்குறைய பத்து இதழுக்கு ஒரு நூல், 250 முதல் 300 பக்கம், கெட்டி அட்டை, மேலுறை. இன்றுவரை இந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை. சூப்பர்மேன், பேட்மேன் கதைகளின் பதிப்பகமான டிசி 1989இல் 'ஆர்க்கைவ் எடிஷன்ஸ்' என்று தன் வரிசையைத் தொடங்கியது. சூப்பர்மேன் முதல் தொகுதியில் 'சூப்பர்மேன்' இதழ் 1 முதல் 4 வரை இருந்தன. அந்த வரிசை இப்போது இல்லை. பழைய புத்தகச் சந்தையில்தான் தேட வேண்டும்.

மூன்றாவது குடும்பம் ஆம்னிபஸ் எனப்படும் பெருந்தொகுப்பு. மார்வெல் 2005இல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இதழ்கள் 1 முதல் 30 வரை ஒரே நூலாகக் கட்டி வெளியிட்டதிலிருந்து இது சூடுபிடித்தது. எண்ணூறு பக்கத்திலிருந்து ஆயிரத்துச் சொச்சம் பக்கம் வரை, எடை மூன்று கிலோவை ஒட்டி. அட்டைவிலை 100 முதல் 150 டாலர். மாஸ்டர்வொர்க்ஸ் ஒன்றின் விலை சமீப ஆண்டுகளில் 75 டாலரைத் தொட்டுவிட்டது. பக்கக் கணக்கு போட்டால் ஆம்னிபஸ் பாதி விலைக்கும் கீழே.

அப்படியென்றால் ஆம்னிபஸ்தான் வாங்க வேண்டுமா? கையில் பிடித்துப் படிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு எங்கள் பதில், வேண்டாம். மூன்று கிலோ நூலைப் படுத்துக்கொண்டு படிக்க முடியாது. மேஜையும் தலையணையும் வேண்டும். மாஸ்டர்வொர்க்ஸை நாற்காலியில் சாய்ந்தபடி படிக்கலாம். நூலைத் தொடாமலே அலமாரியில் வைப்பவர்கள்தான் எடையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

எங்கே முடிகிறது என்பதும் பார்க்க வேண்டியது. ஸ்டீவ் டிட்கோ வரைந்த ஸ்பைடர்மேன் முழுவதும் வேண்டும் என்று வையுங்கள். அவர் 38ஆம் இதழோடு விலகினார். 39இலிருந்து ஜான் ரோமிட்டா. 'அமேசிங் ஸ்பைடர்மேன்' முதல் ஆம்னிபஸ் சரியாக 38இல் முடிகிறது. மாஸ்டர்வொர்க்ஸில் இதே கதைகளுக்கு நான்கு நூல்கள் தேவை. நான்காவது நூல் 31 முதல் 40 வரை. அந்தக் கூடுதல் இரண்டு இதழ்கள் ரோமிட்டாவின் முதல் இரண்டு. கிரீன் காப்ளின் யார் என்பது வெளிப்படும் கதை. ஒரு கலைஞரின் படைப்பு முழுமையாக வேண்டும் என்பவருக்கு ஆம்னிபஸின் வெட்டு சரி. கதை எங்கே திரும்புகிறது என்று பார்க்க ஆசைப்படுபவர் 38இல் நின்றால் தவித்துப்போவார். ஜேக் கிர்பி வரைந்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 1 முதல் 102 வரை வேண்டுமென்றால் மாஸ்டர்வொர்க்ஸ் பத்துத் தொகுதிகள். ஆம்னிபஸில் நான்காவது தொகுதியின் தொடக்கத்தில் கிர்பி முடிந்து, மீதி முழுக்க மற்றவர்கள்.

டிசி பக்கம் வேறு மாதிரி. ஆர்க்கைவ் வரிசையில் பேட்மேனின் 'டிடெக்டிவ் காமிக்ஸ்' கதைகள் ஒரு தொகுதி வரிசை, 'பேட்மேன்' இதழ்க் கதைகள் இன்னொரு வரிசை. 1939 மே தேதியிட்ட 'டிடெக்டிவ்' 27இல் தொடங்கிப் படித்துக்கொண்டே போனால் 38இல் ராபின் வருவார். ஆனால் ஜோக்கரின் முதல் கதை 1940 வசந்தகால 'பேட்மேன்' முதல் இதழில் இருப்பதால், அதற்கு வேறு நூலை எடுக்க வேண்டும். பின்னால் வந்த 'கோல்டன் ஏஜ் ஆம்னிபஸ்' வரிசை இரண்டு இதழ்களையும் வெளிவந்த கால வரிசைப்படி பின்னிக் கொடுத்தது. முதல்முறை படிப்பவருக்கு இதுதான் நல்ல வழி.

இவை தவிர, தாளட்டைப் பதிப்புகளும் உண்டு. மார்வெலின் 'எபிக் கலெக்‌ஷன்', டிசி 2024இல் தொடங்கிய 'டிசி ஃபைனஸ்ட்' ஆகியவை நானூறு, ஐந்நூறு பக்கத் தொகுப்புகள். ஹார்ட்கவர் சேர்ப்பது பற்றிய கட்டுரையில் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது: ஒரு பாத்திரம் பிடிக்குமா என்று தெரியாதபோது நூறு டாலர் போடுவதைவிட, தாளட்டையில் நானூறு பக்கம் படித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். மார்வெலைப் பொறுத்தவரை மாஸ்டர்வொர்க்ஸுக்காகச் சீரமைத்த பக்கங்கள்தான் பிறகு எபிக்கிலும் ஆம்னிபஸிலும் பயன்படுகின்றன. படத்தின் தரத்தில் பெரிதாக எதையும் இழக்க மாட்டீர்கள்.

பழைய பக்கம் புதுப்பக்கமாக மாறுவது

இந்தப் பொழுதுபோக்கில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நல்ல நூலையும் மோசமான நூலையும் பிரிப்பதும் இதுதான்.

ஒரு பக்கத்தைத் திரும்ப அச்சிட கறுப்புக் கோடுகள் மட்டும் தனியாக வேண்டும். நிறத்தை அதன் மேல் போடுவார்கள். அந்தக் கோடுகள் மூன்று இடங்களிலிருந்து வரலாம். ஓவியர் வரைந்த அசல் தாள் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் 1960களின் அசல்கள் பெரும்பாலும் சிதறிவிட்டன. இரண்டாவது, அச்சுக்கு எடுத்த ஃபிலிம் அல்லது ஃபோட்டோஸ்டாட் நகல். பதிப்பகம் பத்திரப்படுத்தியிருந்தால் உண்டு. அதிலும் பல தலைமுறை நகல்கள் ஆனதால் மெல்லிய கோடுகள் உடைந்திருக்கும், நிழல் கோடுகள் கறுப்புத் திட்டாகியிருக்கும். மூன்றாவது, அச்சான பழைய இதழே. 1940களின் கதைகளுக்குப் பெரும்பாலும் இது ஒன்றுதான் வழி.

அச்சான இதழில் கறுப்பும் மற்ற நிறங்களும் கலந்து கிடக்கின்றன. கணினி வருவதற்கு முன் இதைப் பிரிக்க கிரெக் தீக்ஸ்டன் என்பவர் ஒரு வேதி முறையை உருவாக்கினார். பக்கத்தை வெளுக்கும் கரைசலில் இட்டால் நிறங்கள் கரைந்துபோகும். கறுப்பு மை கரியால் ஆனதால் தாக்குப்பிடித்து நிற்கும். அதைப் படம் பிடித்து மறுபதிப்புக்குப் பயன்படுத்துவார்கள். அந்தப் பழைய இதழ் அதோடு போயிற்று. இந்த முறையில் மறுபதிப்பான நூல்களுக்காக எத்தனையோ அசல் இதழ்கள் பலியாகியிருக்கின்றன. அந்த இழப்பை நினைத்தால் வருத்தம்தான். ஆனால் அந்தக் கதைகள் பலர் கைக்குத் திரும்பி வந்ததும் அதனால்தான். இன்று உயர் தெளிவில் ஸ்கேன் செய்து, நிறங்களைக் கணினியில் நீக்கி, மிச்சமிருக்கும் கோடுகளைக் கையால் சுத்தம் செய்கிறார்கள். இதழுக்குச் சேதம் இல்லை.

ஃபிலிமும் இல்லை, நல்ல இதழும் இல்லை என்றால் வேறு ஓவியரை வைத்துப் பழைய பக்கத்தின் மேல் தாள் வைத்து வரைய வைத்ததும் உண்டு, குறிப்பாக ஆரம்பகால ஹார்ட்கவர்களில். இதைக் கண்டுபிடிக்க முகங்களைப் பாருங்கள். தூரிகைக் கோடு ஓரிடத்தில் பருத்து இன்னோரிடத்தில் இழைத்துக்கொண்டு போக வேண்டும். பிரதி வரைந்ததில் கோட்டின் கனம் ஒரே சீராக, பேனாவால் இழுத்ததுபோல இருக்கும். கண்கள் வெறித்துப் பார்க்கும். துணி மடிப்புகளில் உயிர் இருக்காது. இரண்டு பதிப்புகளின் அதே பக்கத்தைப் பக்கத்தில் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது நிறம். அந்தக் காலத்தில் மஞ்சள், சிவப்பு, நீலம் என்ற மூன்று மைகள். ஒவ்வொன்றும் இல்லாமல், 25 சதவீதம், 50 சதவீதம், முழுதாக என்று நான்கு அளவுகளில். நான்கை மூன்று முறை பெருக்கினால் 64 நிறங்கள். நிறம் தீட்டியவர்களிடம் இருந்த மொத்தத் தட்டு அவ்வளவுதான். அது அச்சான தாளோ பழுப்பு நியூஸ்பிரின்ட். மை உள்ளே ஊறி மங்கிவிடும். அந்த மங்கலைக் கணக்கில் வைத்துத்தான் அவ்வளவு அழுத்தமான நிறங்களைக் குறித்தார்கள். அதே சதவீதத்தை அப்படியே எடுத்து வெள்ளை ஆர்ட் பேப்பரில் அச்சிட்டால் மஞ்சள் கண்ணைக் குத்தும், சிவப்பு கத்தும். பல வாசகர்கள் பழைய காமிக்ஸ் என்றாலே கூச்சல் நிறம் என்று நினைப்பதற்கு அசல் இதழ் காரணமல்ல, பளபளப்புத் தாள்தான் காரணம். பளபளப்பில்லாத தாளில், நிறத்தை ஒரு படி இறக்கி அச்சிட்ட பதிப்பு கிடைத்தால் விடாதீர்கள். 2007, 2008இல் வந்த கிர்பியின் 'ஃபோர்த் வேர்ல்ட் ஆம்னிபஸ்' நான்கு தொகுதிகள் பூச்சில்லாத தாளில் வந்தவை. அந்தக் கதைகளுக்கு அந்தத் தாள் அத்தனை பொருத்தம்.

நேர்மாறான கோளாறும் உண்டு: பழைய தட்டையான நிறத்தின் மேல் இன்றைய கணினி நிழலும் மினுக்கலும் போடுவது. டிட்கோவின் சுவர்கள் பிளாஸ்டிக்போல மின்னும். இப்படிப்பட்ட பதிப்பை விலை குறைவு என்றாலும் தவிர்த்துவிடலாம்.

சோதிக்க எளிய வழிகள் சில. ஹல்க் முதல் இதழில் அவர் நிறம் சாம்பல். அந்தச் சாம்பல் அச்சில் பக்கத்துக்குப் பக்கம் மாறியதால் இரண்டாம் இதழிலிருந்து பச்சையாக்கினார்கள். முதல் கதையிலேயே ஹல்க் பச்சையாக இருந்தால் அது பின்னாளில் திருத்திய பதிப்பு. அயர்ன்மேனும் அப்படித்தான்: முதல் கதையில் சாம்பல் கவசம், அடுத்ததில் பொன்னிறம். 'அமேசிங் ஸ்பைடர்மேன்' முதல் இதழில் பீட்டர் பார்க்கர் சில இடங்களில் 'பீட்டர் பால்மர்' ஆகியிருப்பார். மறுபதிப்பில் அந்தப் பிழை அப்படியே இருக்கிறதா, சத்தமில்லாமல் திருத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பதிப்பாசிரியர் அசலை எவ்வளவு மதிக்கிறார் என்பது அதில் தெரிந்துவிடும்.

கோட்டையும் நிறத்தையும் பிரிக்காமல், பழைய இதழையே படம் பிடித்து, புள்ளிகளோடும் பழுப்போடும் அச்சிடும் வழியும் இருக்கிறது. தாஷன் பதிப்பகம் 2021இல் தொடங்கிய மார்வெல் நூலக வரிசை அப்படிப்பட்டது. ஏறக்குறைய 28க்கு 39.5 சென்டிமீட்டர் அளவு. பழைய இதழைக் கையில் பிடித்த உணர்வுக்கு மிக அருகில் வருவது இதுதான். ஆனால் இந்த வழியைச் சரியாகச் செய்யத் தெரியாதவர்கள் செய்தால், பழைய புள்ளியும் புதிய அச்சின் புள்ளியும் மோதி, வானத்திலும் சுவரிலும் கட்டம்கட்டமாக அலை ஓடும். மலிவுப் பதிப்புகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

பைண்டிங்

ஹார்ட்கவர் என்றாலே உறுதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கெட்டி அட்டைக்கு உள்ளே தையலும் இருக்கலாம், வெறும் பசையும் இருக்கலாம். நூலை மேலிருந்து, முதுகுப் பக்கமாகப் பாருங்கள். தைத்த நூலில் பக்கங்கள் ஃபாரம் ஃபாரமாக, அதாவது மடித்த தாள்கட்டுகளாகச் சேர்ந்து, சிறு சிறு வளைவுகளாகத் தெரியும். ஒவ்வொரு ஃபாரத்தின் நடுவிலும் தையல் இழை ஓடியிருக்கும். பசை நூலில் வெட்டிய தாள்கள் ஒரே கட்டியாக இருக்கும்.

ஆயிரம் பக்கத்தில் இந்த வித்தியாசம் பெரிது. தைத்த நூல் மேஜையில் விரிந்து கிடக்கும். பசை நூல் விரியாது. பழைய காமிக்ஸில் நடு ஓரம் வரை படமும் எழுத்தும் இருப்பதால், பேச்சுக்குமிழியின் பாதி நடுமடிப்புக்குள் போய்விடும். இரண்டு பக்கம் சேர்ந்த கிர்பியின் பெரிய படத்தில் நாயகனின் முகமே காணாமல் போகும். அழுத்தி விரித்தால் பசை வெடித்துத் தாள் கையோடு வரும். பழைய ஆம்னிபஸ்களில் சில இப்படிப் பசைக்கட்டாக வந்தவை; வாங்குமுன் எந்த ஆண்டு அச்சு என்று விசாரித்து, தையல்தானா என்று கேட்பது நல்லது.

வாங்கும்போது

காப்புரிமைப் பக்கத்தின் அடியில் 10 9 8 7 6 5 4 3 2 1 என்பதுபோல ஓர் எண்வரிசை இருக்கும். அதில் மிஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண்தான் எத்தனையாவது அச்சு என்று சொல்வது. முதல் அச்சுதான் மதிப்பு என்ற எண்ணம் நாவல் சேர்ப்பவர்களிடமிருந்து வந்தது. இங்கே பல நேரம் தலைகீழ். 1980களின் மாஸ்டர்வொர்க்ஸ் முதல் அச்சுகளைவிட, 2000களில் பக்கங்களைத் திரும்பச் சீரமைத்த பிறகு வந்த அச்சுகள் கோட்டிலும் நிறத்திலும் மேல். பழைய புத்தகமாக வாங்கும்போது விற்பவரிடம் இந்தப் பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரே ஆம்னிபஸ் இரண்டு அட்டைகளோடு வரும். ஒன்று எல்லாப் புத்தகக் கடைக்கும், இன்னொன்று காமிக்ஸ் கடைகளுக்கு மட்டும். ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண் வேறு வேறு, உள்ளே ஒரே நூல். தெரியாமல் இரண்டையும் வாங்கிவிட்டுத் திகைப்பவர்கள் உண்டு.

அச்சில் இல்லாத நூலுக்கு மும்மடங்கு விலை சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். மார்வெல் சமீப ஆண்டுகளில் பழைய ஆம்னிபஸ்களை வரிசையாக மறுபடி அச்சிட்டு வருகிறது. மறுஅச்சு அறிவிப்பு வந்த நாளே அந்த விலை சரியும். இந்தப் பொறுமை ஆர்க்கைவ் எடிஷன்ஸுக்குப் பொருந்தாது. நின்றுபோன வரிசை என்பதால் நல்ல விலைக்குக் கண்ணில் பட்டால் எடுத்துவிடலாம்.

சில நூல்கள் பல காலம் வராமலே இருந்ததற்குக் காரணம் உரிமைச் சிக்கல். 'ராம்', 'மைக்ரோநாட்ஸ்' இரண்டும் பொம்மை நிறுவனங்களின் பெயர்களை வைத்து மார்வெல் வெளியிட்டவை. உரிமை முடிந்ததும் பல ஆண்டுகள் மறுபதிப்பு இல்லை. 2024இல்தான் அவற்றின் ஆம்னிபஸ்கள் வந்தன. இனி வரவே வராது என்று யாராவது சொல்லி அதிக விலைக்கு விற்றால், இந்த உதாரணத்தை நினைத்துக்கொள்ளலாம்.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு கிளைத் தகவல். லயன் காமிக்ஸில் நாம் படித்த ஸ்பைடர் அமெரிக்கச் சிலந்தி மனிதன் அல்ல, 1965இல் பிரிட்டனின் 'லயன்' வார இதழில் பிறந்த குற்றச் சக்ரவர்த்தி; தொடங்கியவர் டெட் கோவன், பின்னால் எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த அதே ஜெர்ரி சீகல். முத்து காமிக்ஸ் 1972இல் தமிழுக்குக் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியும் பிரிட்டிஷ் இதழிலிருந்து வந்தவர்தான், 'வேலியன்ட்' 1962. டைட்டன் நிறுவனம் 2005இல் இருவருக்கும் ஆளுக்கொரு ஆங்கில ஹார்ட்கவர் வெளியிட்டது. ரெபெல்லியன் நிறுவனம் 2021இல் மறுபடி தொகுத்தது. கறுப்பு வெள்ளைக் கதைகள் என்பதால் நிறத்தைப் பற்றிய கவலையே இல்லை. மாயாவியை வரைந்த ஹேசுஸ் பிளாஸ்கோவின் கோடு சுத்தமாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

பெட்டி வந்ததும்

முதலில் மூலைகளைப் பாருங்கள். மூன்று கிலோ நூல் தளர்வான பெட்டியில் உருண்டால் மூலை நசுங்கியே தீரும்; பெட்டியைத் திறக்குமுன்பே படம் எடுத்து வைத்தால் திருப்பி அனுப்ப உதவும். பக்கங்களின் வெட்டு ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடோ புள்ளியோ இருந்தால், அது விற்காமல் திரும்பிய நூல் என்று அடையாளம். படிக்க ஒன்றும் குறைவில்லை, ஆனால் புது நூலின் விலை கொடுக்கக் கூடாது. பிறகு பக்க எண்களைப் புரட்டிப் பாருங்கள். ஒரு ஃபாரம் விடுபட்டோ, இரண்டுமுறை வந்தோ, தலைகீழாகத் தைக்கப்பட்டோ இருப்பது அபூர்வம் என்றாலும் நடப்பதுதான். ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது கண்டுபிடித்தால் யாரும் மாற்றித்தர மாட்டார்கள்.

கனமான நூலை முதல்முறை நடுவில் திறக்காதீர்கள். முதுகு மடங்கி ஒரு கோடு விழுந்துவிடும், பிறகு நூல் எப்போதும் அங்கேயே திறக்கும். முதுகை மேஜையில் நிறுத்தி, இரண்டு அட்டைகளையும் பக்கவாட்டில் சாய்த்துவிட்டு, முன்னாலிருந்து இருபது முப்பது பக்கம், பின்னாலிருந்து அதே அளவு, என்று மாறி மாறி இறக்கி விரலால் மெதுவாக நீவிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். ஐந்து நிமிட வேலை.

பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் வைப்பது பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். சுருங்கும் வகைப் பிளாஸ்டிக் நாளாக நாளாக இறுகி அட்டையை வளைக்கும். பிரித்துவிடுங்கள். அதற்குப் பதிலாக மேலுறைக்கு மட்டும் நூலகங்களில் போடுவதுபோலத் தெளிவான பாலியெஸ்டர் உறை போடலாம்.

நூல்களை நேராக நிறுத்தி வையுங்கள், சாய்த்து வேண்டாம். ஆயிரம் பக்க நூலைச் சாய்த்து வைத்தால் உள்பக்கக் கட்டு தன் எடையிலேயே கீழே இறங்கி, அட்டையோடு ஒட்டிய மூட்டுத்தாள் கிழியும். நிற்க இடமில்லாவிட்டால் படுக்க வைக்கலாம்; ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றுக்கு மேல் அடுக்க வேண்டாம். வெயில் படும் சுவரில் அலமாரி இருந்தால் முதுகின் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும்.

சென்னை, கொழும்பு, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் உண்மையான எதிரி ஈரம். ஆர்ட் பேப்பரின் பூச்சு ஈரத்தை வாங்கினால் பசைபோலாகி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு பிரித்தால் படம் உரிந்துதான் வரும். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள், அடித்தட்டைத் தரையிலிருந்து உயர்த்துங்கள். கதவுள்ள அலமாரியானால் சிலிக்கா ஜெல் பைகளை வைத்து, நிறம் மாறியதும் மாற்றுங்கள். அந்துருண்டை வேண்டாம், வாடை தாளில் ஏறினால் போகாது. ராமபாணப் பூச்சிக்குப் பிடித்தது பசையும் இருட்டும் ஆடாமல் கிடக்கும் நூலும். மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு நூலையும் எடுத்து, மின்விசிறிக் காற்றில் பக்கங்களை ஒருமுறை விசிறிவிட்டு, அலமாரியைத் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு திரும்ப வையுங்கள்.